படக் கோப்பு வடிவங்களும் அவற்றை ஏற்க மறுக்கும் மென்பொருள்களும்

2020 ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாத் தொற்றுக் காரணமாக அமெரிக்கப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், 'கொலிஜ் போர்ட்' என்னும் அமைப்பு உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பரீட்சைகள் இணையத்தின் ஊடாக நடத்தப்பட்டன. கையால் எழுதிய விடைகளைக் கையடக்கத் தொலைபேசியினால் படமெடுத்து, குறித்த நேரத்துக்குள் பரீட்சை இணையத்தளத்துக்கு அனுப்பலாம் என்பது செய்யப்பட்டிருந்த ஏற்பாடுகளில் ஒன்று. ஐபோன் வைத்திருந்த மாணவர்கள் பலரது படங்களை அத்தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐபோன்கள் 2017 ஆம் ஆண்டு முதல் படங்களை எச்.ஈ.ஐ.சி. என்ற புதிய கோப்பு வடிவத்தில் சேமித்து வருகின்றன. பரீட்சைத் தளத்துக்குத் தெரிந்திருந்தவை ஜே.பி.ஈ.ஜி., பி.என்.ஜி. ஆகிய பழைய வடிவங்களே. மாதக்கணக்கில் படித்து, விடையும் எழுதி முடித்த பிள்ளைகள், தமது தொலைபேசி எந்த வடிவத்தில் படத்தைச் சேமிக்கின்றது என்பதை அறியாத காரணத்தால் ஜூன் மாதத்தில் மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற நேர்ந்தது.

கணனித்துறையினர் மட்டும் கவனிக்கவேண்டிய சிறு விடயம் என்று நாம் ஒதுக்கிவிடும் ஒன்று, சாதாரண மனிதரின் வாழ்வில் எவ்வளவு தூரம் குறுக்கிடக்கூடும் என்பதற்கு இது ஓர் உதாரணம். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் படமாக்கிப் பாதுகாக்கும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. இடப்பெயர்வுகளின்போது ஆவணங்களைப் பறிகொடுத்த தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு அதன் அவசியத்தை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, படக் கோப்பு என்றால் என்ன, ஒரு மென்பொருள் புதிய வடிவம் ஒன்றை ஏற்பதற்கு ஏன் தயங்குகின்றது என்பதை ஓரளவேனும் அறிந்து வைத்திருப்பது நன்று.

கணனிக்குப் படம் என்பது எண்களின் நீண்ட வரிசை மாத்திரமே. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்ட ஒரு புகைப்படத்தில் 120 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் குறிக்க மூன்று பைற்கள் வேண்டும். அப்படியே சேமித்தால் ஒரே படம் 360 இலட்சம் பைற்களைப் பிடிக்கும். எனவே, ஏதேனும் ஒரு முறையில் சுருக்கியே சேமிக்கின்றார்கள். ஜே.பி.ஈ.ஜி. வடிவம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்விபரங்களைக் கைவிடுகின்றது. பி.என்.ஜி. வடிவமோ எதனையும் கைவிடாமல் சுருக்குகின்றது. எவ்வாறு சுருக்கினோம், எந்த ஒழுங்கில் எழுதினோம் என்பது பற்றிய உடன்பாடே கோப்பு வடிவம் எனப்படுகின்றது. உடன்பாட்டை அறியாதவருக்கு அந்த எண்கள் வெறும் குப்பையே. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளித்ததை நம் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றிய எவரும் மறந்திருக்க முடியாது. அதே சங்கடந்தான் இதுவும்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள ஒட்டை மாற்றிவிட்டால் வடிவமும் மாறிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். மேலுறையை மாற்றுவதால் உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி மாறுவதில்லை. கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் பெயரை நம்பாது, கோப்பின் தொடக்க எண்களையே பார்க்கும். பி.என்.ஜி. கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களுடன் ஆரம்பமாகும். இந்தத் தெரிவில் ஒரு விவேகம் இருக்கின்றது. 137 என்பது 127 இற்கு மேற்பட்ட எண். எழுத்துகளை மட்டும் கடத்தவல்ல பழைய தொடர்புப் பாதைகளில் அது சிதைந்துவிடும். அடுத்த மூன்றும் வடிவத்தின் ஆங்கிலப் பெயரெழுத்துகள். 13, 10 ஆகியன வரி முடிவைக் குறிப்பவை. கோப்பை வெறும் எழுத்து எனத் தவறாகக் கருதி மாற்றியமைக்கும் செய்நிரல்கள் முதலில் கைவைப்பது அவற்றிலேதான். 26 என்பது பழைய 'டொஸ்' இயங்குதளத்தில் கோப்பைத் திரையில் எழுத்தாகக் கொட்டாமல் நிறுத்துவதற்கான எண். ஆக, வழியில் கோப்புப் பழுதுற்றிருப்பின் முதல் எட்டு எண்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி, மென்பொருள் எவ்வாறு புதிய வடிவத்தைக் கற்றுக்கொள்கின்றது என்பதைப் பார்ப்போம். மென்பொருள் எழுதுவோர் திரையில் பொத்தான், சாளரம், படம் ஆகியவற்றைக் காட்டுவதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரல் எழுதுவதில்லை. அதற்கென ஆயத்தமாக உள்ள வரைவியல் கருவித்தொகுதி ஒன்றைப் பயன்படுத்துவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஜோன் ஒஸ்ரர்ஹவுட் என்பவர் உருவாக்கிய 'ரி.கே.' அத்தகையது. பைத்தன் மொழியுடன் இன்றும் வழங்கப்படும் சாளரக் கருவிகள் இதன்மீதே அமைந்தவை. ரி.கே.யில் ஒவ்வொரு பட வடிவத்துக்கும் தனியான கையாளுநர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கின்றார் என்று கொள்ளலாம். கோப்பு ஒன்று வந்ததும் கருவித்தொகுதி ஒவ்வொரு கையாளுநரிடமும் "இது உம்முடையதா?" என வினவும். தொடக்க எண்களைப் பார்த்து 'ஆம்' என்பவர் அதனைப் பொறுப்பேற்று, சுருக்கத்தை விரித்து, புள்ளிகளைக் கையளிப்பார். புதிய வடிவம் ஒன்றைச் சேர்ப்பதற்கு முழுத் தொகுதியையும் திருத்தி எழுதவேண்டியதில்லை. இன்னுமொரு கையாளுநரைப் பதிவுசெய்தாற் போதுமானது.

ஏற்பாடு இவ்வளவு எளிதாக இருந்தும், 1996 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் அங்கீகரிக்கப்பட்ட பி.என்.ஜி. வடிவம், ரி.கே.யின் உள்ளேயே இடம்பெறுவதற்கு அதன் 8.6 ஆவது பதிப்பு வெளியான 2012 டிசம்பர் வரை காத்திருக்கவேண்டி வந்தது. பதினாறு ஆண்டுகள்! அதுவரை தேவையானோர் வெளியிலிருந்து ஒரு துணைத்தொகுதியைப் பெற்று இணைத்துக்கொண்டனர். உள்ளே சேர்க்கப்படும் ஒவ்வொரு வடிவத்தையும் காலமெல்லாம் பராமரிக்கவேண்டிய பொறுப்பு, பெரும்பாலும் ஊதியமின்றிப் பணியாற்றும் சிலரின் தோளிலேயே விழுகின்றது. அவர்களது தயக்கத்தை முழுமையாகக் குறைகூற முடியாது.

தயக்கத்துக்குச் சட்டமும் காரணமாகியதுண்டு. 1987 ஆம் ஆண்டு கொம்பியூசேர்வ் நிறுவனம் ஜி.ஐ.எவ். வடிவத்தை வெளியிட்டபோது, அதிற் பயன்படுத்திய சுருக்கல் முறைக்கு 1985 ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமைப் பத்திரம் வழங்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை பின்னர் யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வடிவம் உலகெங்கும் பரவிய பின், 1994 டிசம்பர் இறுதியில், அதைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கோரப்படும் என அறிவிக்கப்பட்டது. பின்னர் சில இணையத்தளங்களிடம் 5,000 டொலரோ அதற்கு மேலோ கேட்கும் நிலையும் ஏற்பட்டது. பொது வழி என்று நம்பி ஊர் முழுவதும் நடந்து பழகிய பாதையில், ஒரு நாள் உறுதியுடன் ஒருவர் வந்து படலையை அடைத்ததற்கு ஒப்பான செயல் இது.

இதற்கு எதிர்வினையாக, கட்டணமற்ற ஒரு வடிவத்தை ஆக்கும் முயற்சியை 1995 ஜனவரியில் தோமஸ் பூட்டெல் என்பவர் இணையத்தில் தொடக்கி வைத்தார். அதன் விளைவே பி.என்.ஜி. இணையத்தளங்கள் படங்களை ஆக்கப் பரவலாகப் பயன்படுத்திவந்த 'ஜி.டி.' என்ற நிரல் நூலகத்தை எழுதியவரும் அவரே. 1999 இல் ஜி.டி.யிலிருந்து ஜி.ஐ.எவ். ஆதரவை அவர் அகற்றினார். அமெரிக்காவில் 2003 ஜூனிலும் ஏனைய நாடுகளில் 2004 இலும் ஆக்கவுரிமை காலாவதியான பின், 2004 ஜூலையில் அது மீளச் சேர்க்கப்பட்டது. ஐந்தாண்டுகள் ஒரு மென்பொருள் ஒரு வடிவத்தை அறியாததுபோல் இருந்தமைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

ஆயினும் ஆவணங்களைப் படமாக்குவோர் அதிகம் அஞ்சவேண்டியது வேறொன்று. 2013 ஆகஸ்டில் ஜேர்மனிய கணனி அறிஞர் டேவிட் கிரீசெல் ஒரு விசித்திரத்தை வெளிப்படுத்தினார். செரொக்ஸ் நிறுவனத்தின் சிலவகை இயந்திரங்களில் ஸ்கான் செய்த கட்டட வரைபடத்தில், வெவ்வேறு அறைகளின் பரப்பளவுகள் ஒரே எண்ணாக மாறியிருந்தன. 21.11 சதுர மீற்றர் என்று மூலத்தில் இருந்த அறை, பிரதியில் 14.13 ஆகியிருந்தது. எழுத்து மங்கவில்லை, கறை படியவில்லை. தெளிவான, அழகான, பிழையான எண்! கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சுருக்குவதற்கான ஜே.பி.ஐ.ஜி.2 என்னும் முறையே இதற்குக் காரணம். ஒரே மாதிரியான எழுத்துருவங்கள் பக்கத்தில் பல இடங்களில் வந்தால், அவற்றுள் ஒன்றை மட்டும் சேமித்து ஏனைய இடங்களில் அதனையே பதிய இம்முறை இடமளிக்கின்றது. ஒப்பீட்டில் தளர்வு காட்டினால் 6 உம் 8 உம் ஒன்றாகிவிடும். நிறுவனம் பின்னர் திருத்தங்களை வெளியிட்டது. எனினும், காணியின் விஸ்தீரணமோ அடையாள அட்டை இலக்கமோ இவ்வாறு மாறியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது யார்? மூலப்பிரதியை எறிந்துவிட்டுப் பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது.

இதே ஜே.பி.ஐ.ஜி.2 எட்டு ஆண்டுகளின் பின் இன்னும் பாரதூரமான விவகாரமொன்றில் தலைகாட்டியது. 2021 செப்ரெம்பரில், கனடாவின் ரொரன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிற்றிசன் லாப் ஆய்வுக் கூடம், சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரது ஐபோனில் இஸ்ரேலிய நிறுவனமான என்.எஸ்.ஓ.வின் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்த வழியை அம்பலப்படுத்தியது. குறுஞ்செய்தியோடு வந்த கோப்புகள் ஜி.ஐ.எவ். என்ற பெயரொட்டைத் தாங்கியிருந்தன. உள்ளே இருந்தவையோ வேறு. அவற்றுட் சில பி.டி.எவ். கோப்புகள்; ஜே.பி.ஐ.ஜி.2 படம் அவற்றினுள் பொதிந்திருந்தது. பெயரை நம்பாது உள்ளடக்கத்தைப் பார்க்கும் நல்ல வழக்கம் என்று மேலே நாம் பாராட்டியது இங்கே எதிரிக்குத் துணைபோயிற்று. அசையும் சிறுபடங்களை மட்டும் காட்டுவதற்கென இருந்த வழியினூடாக, 20 இற்கும் மேற்பட்ட பட வடிவங்களின் வாசிப்பான்களை வெளியிலிருந்து தட்டியெழுப்ப முடிந்தது என்று கூகிள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். தொலைபேசியின் சொந்தக்காரர் எதையும் அழுத்தவில்லை, திறக்கவுமில்லை. பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு வடிவத்துக்கு எப்போதோ வழங்கப்பட்ட ஆதரவு, சவூதி ஆட்சியை விமர்சித்த ஒருவரின் தனிவாழ்வைத் திறந்து காட்டிவிட்டது.

2023 செப்ரெம்பரில் அதே ஆய்வுக்கூடம், வொஷிங்ரனைத் தளமாகக் கொண்ட சிவில் சமூக அமைப்பொன்றின் ஊழியரது தொலைபேசியில் மற்றொரு ஊடுருவலைக் கண்டறிந்தது. அதனைத் தொடர்ந்து, கூகிள் 2010 இல் அறிமுகப்படுத்திய வெப்.பி. வடிவத்தை வாசிக்கும் நிரல் நூலகத்தில் குறைபாடு இருப்பது தெரியவந்தது. விரிக்கும்போது ஒதுக்கப்பட்ட நினைவக எல்லைக்கு அப்பால் எழுதிவிடும் வகையிலான பிழை அது. குரோம், பயர்பொக்ஸ் உலாவிகள் உட்பட எண்ணற்ற மென்பொருள்கள் அதே நூலகத்தை இரவல் பெற்றிருந்தமையால், அனைத்தும் ஒரே வாரத்தில் அவசர அவசரமாகத் திருத்தங்களை வெளியிடவேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் ஜே.பி.ஈ.ஜி. எக்ஸ்.எல். என்ற புதிய வடிவம் குறித்த சர்ச்சையை விளங்கிக்கொள்ளவேண்டும். பழைய ஜே.பி.ஈ.ஜி. படங்களைத் தரம் சிறிதும் குன்றாமல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறிதாக்கி, வேண்டும்போது பழையபடி மீட்டெடுக்க அது வழிசெய்கின்றது. பல்லாயிரம் பக்கங்களைச் சேமிக்கும் எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்கு இது அற்பமான இலாபமன்று. 2005 இல் ஆரம்பமான 'நூலகம்' போன்று, ஈழத்துத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து பேணும் முயற்சிகளும் சேமிப்பிடச் செலவை எண்ணிப் பார்க்கவேண்டியவையே. ஆனால், பரீட்சார்த்தமாகச் சேர்த்திருந்த ஆதரவைக் கூகிள் 2023 பெப்ரவரியில் வெளியான குரோம் 110 ஆவது பதிப்பிலிருந்து அகற்றியது. போதிய ஆர்வமில்லை, பராமரிப்புச் சுமை அதிகம் என்பன கூறப்பட்ட காரணங்களுட் சில. தனது சொந்த வடிவத்துக்குப் போட்டி என்பதனாலேயே கைவிட்டது என விமர்சகர்கள் சாடினர். அப்பிள் நிறுவனமோ அதே ஆண்டு செப்ரெம்பரில் தனது சபாரி உலாவியில் அதனைச் சேர்த்துக்கொண்டது. பயர்பொக்ஸை வெளியிடும் மொசில்லா 2024 இல் மூன்றாவதொரு வழியை முன்வைத்தது. நினைவக எல்லை மீறும் பிழைகளைத் தடுக்கும் வகையில் அமைந்த 'ரஸ்ட்' என்னும் மொழியில் வாசிப்பான் எழுதப்படுமாயின், அதைச் சேர்ப்பது பற்றிச் சிந்திக்கலாம் என்பதே அந்த நிலைப்பாடு. அவ்வாறான வாசிப்பானை எழுதும் பணியைக் கூகிளிலுள்ள அவ்வடிவத்தின் ஆக்குநர்களே ஏற்றுக்கொண்டனர்.