மாதச் சம்பளம் இல்லாதார் தொழில்

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியின் பழம்பெயர் 'அடிப்புளி' என்பர். அடிவாரத்தில் நின்ற புளியமரத்தால் வந்த தமிழ்ப் பெயர். அங்கிருந்து யாத்திரிகர் ஏறக்குறைய 3,550 படிகளைக் கடந்து திருமலையை அடைகின்றனர். 1944-இல் மலைச்சாலை திறக்கப்படும்வரை, நடக்க இயலாத முதியோரை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து பிழைத்தவர்கள் உண்டு. சாலை வந்தபின் அத்தொழில் நலிந்தது. தோள்வலிமை குறைந்துவிடவில்லை, ஏறுவோரின் தேவை மாறிவிட்டது.

நிலையான எசமானர் இன்றி, கிடைக்கும் வேலையை ஏற்றுப் பிழைக்கும் எவரும் நினைக்கத்தக்க செய்தி இது.

இன்று அவ்விடத்தில் வாடகைக் கார் ஓட்டுவோரைக் காண்கிறோம். 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாவது சாலையிலேயே எல்லாரும் மேலே செல்கின்றனர், முதற்சாலை இறங்குவதற்கு. ஆகவே வேகத்தால் ஒருவர் மற்றவரை வெல்ல வழியில்லை. பின் எதனால் ஒருவரை மட்டும் மக்கள் மீண்டும் தேடி வருகின்றனர்? புறப்படும் முன்னரே அவர், "மதுவும் புகையிலையும் இறைச்சியும் சோதனைச் சாவடியைத் தாண்டா, அசல் அடையாள அட்டை இருக்கிறதா? வேட்டி எடுத்துக் கொண்டீர்களா?" என்று கேட்டுவிடுகிறார். நடந்து ஏறுவோரின் மூட்டைகளைத் தேவஸ்தானமே கட்டணமின்றி மேலே சேர்ப்பிக்கிறது. மூட்டைக்காகவே கார் பேச வந்த குடும்பத்தினரிடம் இதைச் சொன்னால் ஒரு சவாரி போய்விடும். ஆயினும் அவர்கள் மறுநாள் காணிப்பாக்கத்துக்கோ காளஹஸ்திக்கோ செல்ல நினைக்கும்போது, யாரை அழைப்பர்?

டில்லியிலும் மும்பையிலும் தமிழறிவையே முதலாகக் கொண்டு மொழிபெயர்ப்புச் செய்வோருக்கும் இது பொருந்தும். ஒருவர் நாற்பது பக்கப் பத்திரக்கட்டைக் கொண்டு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடத் தொடங்கும் முன், எந்த அலுவலகத்தில், எதற்காகக் கொடுக்கப் போகிறார் என்று கேட்டல் வேண்டும். கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அடுத்து, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தல் நலம். 'சுப்பிரமணியன்' என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகவும் எழுதலாம். அட்டையில் உள்ள எழுத்து முறையினின்று ஓரெழுத்து பிசகினும் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். நடை அழகைக் காட்டிலும் இவ்வோரெழுத்தே அவருக்குப் பயன்.

இதனை இலவச உழைப்பென்று கொள்ளலாகாது. ஊர்க்காரர் என்னும் உரிமையில் கூலி பேசாமல் தொடங்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. முடிவில் இரு தரப்பிலும் மனக்கசப்புத்தான். பக்கம், நாள், தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.