காடு கொடுத்த விடுதலை

மாட்டுங்காவுக்குத் தெற்கே உள்ள சிவ்ரியில் 1689-ல் படையோடு கரையிறங்கி, பம்பாயை முற்றுகையிட்டார் ஜஞ்சிராவின் கடற்படைத் தளபதி சித்தி யாகூத் கான். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளில் (உறவுமுறை அல்ல, இனப்பெயர்) சரித்திரம் நினைவில் வைத்திருப்பது இத்தகைய தளபதிகளைத்தான்.

போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த அடிமைகளில் பலர் தப்பியோடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மறைந்தார்கள். அவர்களின் சந்ததியினர் கர்நாடகத்தின் எல்லாபூர், ஹளியாள் பகுதிகளில் வாழ்கிறார்கள். பேசுவது கொங்கணி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வைக்கு நகரங்களில் இப்போது மவுசு. ஆனால் அடைக்கலம் தந்த காடு வனத்துறை வசமாக, உழுத நிலத்துக்கே பலரிடம் பட்டா இல்லை. சொந்த நாட்டிலேயே 'எந்த நாடு?' என்ற கேள்வி வேறு.

பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற 2003 வரை காத்திருந்தார்கள். 2020-ல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். சித்திகளில் அங்கே நுழைந்த முதல் நபர்.