இரும்பின் தோலுக்கு வைத்தியம்

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பனைமரம். வயல் வரப்பில் வரிசையாக நிற்கும். மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வழியாக ஆடிக் காற்று பாய்ந்து வரும். பனை ஆடும். ஆனால் எளிதில் முறியாது.

பனையை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். தேக்கில் வைரம் உள்ளே இருக்கும். பனையில் வைரம் வெளிப்புறத்தில் இருக்கும். நடுவில் இருப்பது மெத்தென்ற சோறுதான். வெளியே உறுதி, உள்ளே நெகிழ்வு. அதனால்தான் பனை காற்றுக்கு வளைந்து கொடுக்கிறது.

இரும்பையும் இப்படிச் செய்ய முடியுமா? உள்ளே இருப்பதைத் தொடாமல் மேல்தோலை மட்டும் மாற்ற முடியுமா? முடியும். அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் புதிய வழி ஒன்றைப் பார்ப்போம். அதற்கு முன் பாலக்காட்டிலிருந்து கொஞ்சம் தெற்கே, இடுக்கி மலைக்குப் போக வேண்டும்.

மறையூர், மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்வார்கள். கத்தி கூராக இருந்தால் கிளை ஒரே வெட்டில் விழும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கும். நோய் புகும். செடி கெடும். வெட்டுகிறவருக்கும் கை வலி மிச்சம். அன்றைய கணக்கும் முடியாது.

தோட்டத்துப் பட்டறையில் அடிக்கடி இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"ஆசாரியண்ணே, காலையிலே தீட்டின கத்தி. மத்தியானமே வெட்ட மாட்டேங்குது."

"கத்தி நல்லாத்தான் இருக்கு தம்பி. விளிம்புதான் போச்சு."

ஆசாரி சொன்னது பெரிய உண்மை. அரைக் கிலோ கத்தியில் கெட்டுப் போனது ஒரு கடுகளவு இரும்புகூட இல்லை. துரு பிடிப்பது மேலேதான். தேய்வது மேலேதான். பெரும்பாலான விரிசல் தொடங்குவதும் மேலேதான். ஒரு பொருளின் ஆயுள் பெரும்பாலும் அதன் தோலில் இருக்கிறது.

இதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். ஈயம் ஒரு மெல்லிய படலம். பாத்திரம் பித்தளைதான், ஆனால் புளிக்குழம்பு தொடுவது ஈயத்தை மட்டும். ஈயப் பூச்சில் ஒரு குறை உண்டு. அது மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளானால் தேய்ந்து போகும், பித்தளை தெரியும்.

இன்னொரு வழி ஊறவைப்பது. மாங்காயை உப்பில் போட்டால் உப்பு மெல்ல உள்ளே இறங்கும். அதுபோல இரும்பைக் கரித்தூளில் மூடிப் பல மணி நேரம் பழுக்கக் காய்ச்சினால் கரி இரும்பின் தோலுக்குள் இறங்கும். பிறகு குளிரவைத்தால் தோல் மட்டும் கெட்டியாகும். லாரியின் கியர் சக்கரங்களுக்கு இதே முறையைத்தான் கொஞ்சம் மாற்றிச் செய்கிறார்கள். இதற்குச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் நுட்பமான பொருள்கள் கோணிப் போகும். அளவு மாறிப்போகும்.

பூசினால் உரியும். ஊறவைத்தால் கோணும். அப்படியானால் வேறு என்ன செய்வது? எறியலாம்!

சாணம் மெழுகிய ஈரத் தரையில் நெல்லை ஓங்கி எறிந்தால் என்ன ஆகும்? நெல் தரைக்குள் பதிந்து நிற்கும். தரையைச் சூடாக்க வேண்டியதில்லை. அதேபோல அணுக்களை இரும்புக்குள் எறிந்து பதிக்கிறார்கள். அணு என்பது எல்லாப் பொருளுக்கும் அடிப்படையான நுண்துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே லட்சக்கணக்கான அணுக்களை அடுக்கலாம். அத்தனை சிறியதைக் கையால் எறிய முடியாது. மின்சாரம்தான் எறிய வேண்டும்.

சாதாரண அணு மின்சாரத்துக்குக் கட்டுப்படாது. அணுவைச் சுற்றி எலெக்ட்ரான் என்னும் துகள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அணுவுக்கு மின்னேற்றம் வந்துவிடும். அப்படி மின்னேற்றம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அயனியை மின்சாரம் இழுக்கும். கோடி கோடியாக அயனிகள் ஒரே திசையில் பாய்ந்தால் அது அயனிக் கற்றை.

இதைச் செய்யும் இயந்திரம் ஒரு நீண்ட எஃகுக் குழாய் போல இருக்கும். குழாயில் காற்று இருக்கக்கூடாது. இருந்தால் அயனிகள் வழியிலேயே காற்றில் மோதி நின்றுவிடும். ஆகவே பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஒரு முனையில் நைட்ரஜன் வாயுவை விட்டு அயனி ஆக்குவார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இந்த நைட்ரஜன்தான். நடுவில் ஒரு பெரிய காந்தம் இருக்கும். அது முறம் போல வேலை செய்யும். முறத்தில் புடைத்தால் பதர் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் பிரியும் அல்லவா? காந்தமும் லேசான அயனியை அதிகமாக வளைக்கும், கனமானதைக் குறைவாக வளைக்கும். வேண்டியது மட்டும் நேராகப் போய்ச் சேரும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இந்த இயந்திரத்தில் ஒரு லட்சம் வோல்ட் சாதாரணம். அது தள்ளினால் ஒரு நைட்ரஜன் அயனி ஒரு நொடியில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் பாயும். ஏறக்குறைய கேரளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும் தூரம்!

இவ்வளவு வேகமாகப் போகிறதே, இரும்பைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிடாதா? வராது. உள்ளே அணுக்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் மோதி மோதி வேகம் குறைந்து நின்றுவிடும். அது போய்ச் சேரும் ஆழம் தலைமுடியின் கனத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 1 போட்டு அதன்பின் 17 பூஜ்ஜியம் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு அயனிகளைப் பாய்ச்சுவார்கள். லட்சம் லட்சம் கோடி என்று சொல்லலாம்.

அரிசி மூட்டை அடுக்கில் ஒரு மூட்டை வழுக்கினால் என்ன செய்வார்கள்? சந்தில் ஒரு கல்லைச் செருகுவார்கள். அடுக்கு நிற்கும். நைட்ரஜன் அணுக்களும் இரும்பு அணுக்களின் இடுக்கில் ஆப்பு போல உட்கார்ந்துகொள்கின்றன. அணு வரிசைகள் எளிதில் வழுக்க முடிவதில்லை. தோல் கெட்டிப்படுகிறது, தேய்வு குறைகிறது. இது பூச்சு அல்ல. இரும்பின் தோலே மாறிவிட்டது. பூச்சு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கும் கோடு இல்லை. உரிவதற்கு ஒன்றும் இல்லை.

உலோகங்களில் இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் ஹார்வெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டியர்னலி. அது 1970களில் நடந்தது. பிறகு இது மருத்துவத்துக்கும் வந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். அதில் உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடு ஒன்று உரசும். உரசி உரசித் தூள் உதிரும். உதிர்ந்த தூளால் எலும்பு பலவீனப்பட்டு மூட்டு தளர்ந்துவிடும். மறுபடி அறுவை சிகிச்சை. இந்தத் தேய்வைக் குறைக்கத்தான் 1980களிலிருந்து சில வகை மூட்டுகளின் உலோகத்தில் நைட்ரஜன் அயனிகளைப் பதிக்கிறார்கள். எல்லா மூட்டிலும் இதைச் செய்வதில்லை.

ஆனால் அயனிக் கற்றைக்கு அதிக வேலை தருவது மூட்டும் அல்ல, கத்தியும் அல்ல. சிலிக்கான் சில்லு! செல்போனில், ரேஷன் கடையில் விரல் வைக்கிற இயந்திரத்தில் எல்லாம் சில்லு இருக்கிறது. சுத்தமான சிலிக்கானில் மின்சாரம் சரியாக ஓடாது. வேண்டிய இடத்தில், வேண்டிய ஆழத்தில், எண்ணிப் போட்டது போலப் போரான் அல்லது பாஸ்பரஸ் அணுக்களைச் சேர்க்க வேண்டும். சமையலில் உப்பு போடுவது போலத்தான். ஆனால் கை தவறவே கூடாது. அதற்கு அயனிக் கற்றையை விட நல்ல கரண்டி இல்லை. இதற்கு 1954இல் காப்புரிமை கேட்டு மனுச் செய்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஷாக்லி. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் அவர்.

நம் பக்கத்தில் இந்த வேலை நடக்கிறதா? நடக்கிறது. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. அங்கே உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 4 லட்சம் வோல்ட் இயந்திரம் ஒன்றும் 17 லட்சம் வோல்ட் இயந்திரம் ஒன்றும் உண்டு. ஆனால் அங்கே அயனிக் கற்றையை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். எஃகைத் தேற்றுவதற்கு அல்ல, கெடுத்துப் பார்ப்பதற்கு!

கேட்க வேடிக்கையாக இருக்கும். காரணம் இதுதான். கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் சோதனை ஈனுலை ஒன்று இயங்கத் தொடங்கியது. ஈனுலை என்பது ஒரு வகை அணு உலை. அதன் எரிபொருளை மெல்லிய எஃகுக் குழாய்களில் அடைத்து வைப்பார்கள். குழாய்க்கு வெளியே உருகிய சோடியம் ஓடும். உள்ளேயிருந்து நியூட்ரான் என்னும் துகள்கள் ஓயாமல் பாய்ந்து எஃகின் அணுக்களை இடம் பெயர்த்துக்கொண்டே இருக்கும். அணு விலகிய இடங்கள் ஒன்று சேர்ந்தால் எஃகுக்குள் நுண்ணிய குழிகள் உண்டாகும். ஊறிய கொண்டைக்கடலை போல எஃகு உப்பும். குழாய்கள் உப்பினால் நடுவே சோடியம் ஓடும் வழி குறுகும். அது ஆபத்து.

எந்த எஃகு குறைவாக உப்பும்? உலையில் வைத்துப் பார்த்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் அந்தத் துண்டு கதிர்வீச்சு உமிழும். பக்கத்தில் போக முடியாது. அயனிக் கற்றையோ உலை ஆண்டுக்கணக்கில் செய்வதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும். டைட்டேனியம் சேர்த்த ஒரு வகை எஃகைக் கல்பாக்கம் விஞ்ஞானிகள் இப்படிச் சோதித்தார்கள். முதலில் ஹீலியம் அயனி, பிறகு நிக்கல் அயனி. அதன்பின் எவ்வளவு உப்பியது என்று அளந்தார்கள். ஒரு குறை உண்டு. அயனி தோலை மட்டும்தான் கெடுக்கும். உலை முழு எஃகையும் கெடுக்கும். எனவே உலையில் இருந்து எடுத்த எஃகோடும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே பெல்லட்ரான் என்னும் பெரிய இயந்திரம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. நாடெங்கும் உள்ள மாணவர்கள் தாங்கள் செய்த மெல்லிய படலங்களைக் கொண்டுபோய் அயனி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். கனமான, வேகமான அயனி ஈயப் பூச்சு போன்ற மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு அடியில் உள்ள பொருளுக்குள் போய்விடும். அந்த வேகத்தில் சில படலங்களின் அணுக்களும் அடிப்பொருளின் அணுக்களும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். மேல்துணியையும் உள்துணியையும் ஊசி தைப்பது போல!

சரி, மறையூர் ஆசாரி செய்த கத்தியை இந்த இயந்திரத்தில் வைத்தால் மழுங்காதா?

வைக்கலாம். பயன் இல்லை. செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சாணைக்கல். கத்தியை ஒருமுறை தீட்டினாலே தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தோல் போய்விடும். தேயிலை ஆலையில் உள்ள சி.டி.சி. ரோலருக்கும் இதே கதைதான். இரண்டு பல் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கின்றன. பல் மழுங்கினால் தூள் கெடும், விலை குறையும். அதனால் ரோலரின் பல்லை அடிக்கடி சீவிக் கூராக்குவார்கள். சீவும்போது தோல் எங்கே நிற்கும்? தீட்டாமல் வைத்திருக்கும் பொருளுக்கே அயனி வைத்தியம் பொருந்தும்.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு முறை உண்டு. காற்று குறைந்த அறையில் பொருளை வைத்து, நைட்ரஜனை மின்சாரத்தால் ஒளிரச் செய்து, சுமார் 500 டிகிரி சூட்டில் ஊறவைப்பார்கள். குஜராத்தில் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் இந்த முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இதில் நைட்ரஜன் நகத்தின் கனத்தில் பாதிவரைகூட இறங்கும். கியருக்கும் அச்சுக்கும் நல்லது. ஆசாரி கத்திக்கு இதுவும் ஆகாது. 500 டிகிரி சூடு பட்டால் அவர் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய உறுதி இறங்கிவிடும்.

ஆசாரி லாரியின் பழைய கமான் பட்டையை வாங்குகிறார். அடித்து நீட்டுகிறார். பழுக்கக் காய்ச்சி விளிம்பைத் தோய்க்கிறார். அந்த உறுதி தோலில் மட்டும் இல்லை, விளிம்பு முழுவதும் இருக்கிறது. சாணைக்கல் ஒரு தோலை எடுத்தால் அடியில் அதே உறுதியோடு அடுத்த தோல் வந்து நிற்கும். கவ்வாத்துக் கத்திக்கு அதுதான் வேண்டும்.