ஒரு என்ஜின் நின்றால் மலை தாண்டுமா?

மலை மீட்பில் ஹெலிகாப்டரின் பத்திரம், அது கிளம்பும் முன் போடப்படும் கணக்கில் இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டவடையில் படிக்கட்டு வயல்களில் பூண்டும் காய்கறியும் விளைகின்றன. மூணாறு போக வளைந்து செல்லும் மலைப்பாதையில் சுமார் 45 கி.மீ. அவசரம் என்றால் ஆகாயத்தைத்தான் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில், தெற்கே உள்ள குரங்கணிச் சரிவில் காட்டுத் தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தபோதும் விமானப் படை ஹெலிகாப்டர்களே உதவிக்கு வந்தன. அந்தத் தீ 20க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது.

'எப்போது வரும்?' என்பது கீழே இருப்பவர்களின் கேள்வி. விமானிக்கு இன்னொரு கேள்வி உண்டு: நடுவழியில் ஒரு என்ஜின் நின்றுவிட்டால்?

இரண்டு என்ஜின் இருந்தால் கவலையில்லை என்பது பாதி உண்மை. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 18 சதவீதம் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். என்ஜினின் சக்தியும் விசிறியின் பிடிப்பும் ஒருசேரத் தளரும். அந்தரத்தில் நிற்பதைவிட மிதமான வேகத்தில் பறக்கக் குறைந்த சக்தி போதும் என்பதால் விமானி அந்த வேகத்துக்கு வருவார். அதுவும் போதாவிட்டால் ஹெலிகாப்டர் மெல்லத் தாழ்ந்து, காற்று அடர்ந்த ஓர் உயரத்தில் நிலைகொள்ளும். அந்த உயரம் எதிரே நிற்கும் முகட்டைவிட அதிகமா? இப்பகுதியின் ஆனைமுடி 2,695 மீட்டர்.

ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டருக்கு இந்த வாய்ப்பும் இல்லை. என்ஜின் நின்றால், கீழிருந்து மோதும் காற்றில் சுழலும் விசிறியை நம்பி இறங்கியாக வேண்டும். படிக்கட்டு வயலில் சமதளத்துக்கு எங்கே போவது?

எடை, உயரம், வெப்பநிலை மூன்றையும் வைத்து விடை சொல்லும் அட்டவணைகள் ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் உள்ளன. விடை பாதகமானால் காலைக் குளிரில் கிளம்பலாம். முகட்டைத் தவிர்த்துப் பள்ளத்தாக்கு வழியே போகலாம். தென்கிழக்கே போடிச் சமவெளி தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் மேகம் மூடினால் அந்த வாசலும் அடைபடும்.

மிஞ்சுவது எடைக் குறைப்பு. எரிபொருளை ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது. எனவே, ஏற இடமிருந்தும் சிலர் தரையிலேயே நிற்க நேரும். நோயாளியின் உறவினர்களுக்கு அது கல்நெஞ்சமாகத் தெரியலாம். ஏறியவர்கள் முகட்டைத் தாண்டுவதற்கான விலை அதுதான்.