ஸ்கூபா சிலிண்டரில் ஹீலியம் எதற்கு? 40 மீட்டரைத் தாண்ட நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஒரே இரவில் நடந்து முடித்துவிடலாம். கடலுக்குள் நேர் கீழே 53 மீட்டர் போய்வர பல கட்டப் பயிற்சி வேண்டும்.

மலையடிவார ஊருக்கும் ஸ்கூபாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இங்கிருந்து 100 கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி. வார இறுதியில் அங்கே போய் டைவிங் பழகி, 40 மீட்டர் வரைக்குமான கார்டு வாங்கிய ஒருவருக்கு அடுத்து வரும் ஆசை, இலங்கையின் மட்டக்களப்பு கடலில் கிடக்கும் ‘ஹெர்மிஸ்’ கப்பலாக இருக்கலாம். “இன்னும் 13 மீட்டர்தானே, காத்துலயே போயிட்டு வந்துடலாமே?” என்று தோன்றும். ஆபத்து தொடங்கும் இடம் இதுதான்.

ஹெர்மிஸ் எது?

விமானந்தாங்கிக் கப்பலாகவே முதலில் வடிவமைக்கப்பட்ட போர்க்கப்பல் இது. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். இன்று சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. (பின்னாளில் ஐஎன்எஸ் விராட் ஆக இந்தியக் கடற்படைக்கு வந்த ஹெர்மிஸ் வேறு கப்பல்.)

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்று என்ன செய்யும்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 53 மீட்டரில் அது தரைமட்டத்தைப்போல 6.3 மடங்கு. இதனால் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, நைட்ரஜன் மயக்கம். அழுத்தத்தில் நைட்ரஜன் மது போல வேலை செய்யும். சிலிண்டர் அளவுமானியைப் பார்ப்பீர்கள். ஆனால் அது சொல்வது மண்டையில் ஏறாது. பயம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. தரையில் லிட்டருக்கு சுமார் 1.3 கிராம் உள்ள காற்று, அங்கே 8 கிராமைத் தாண்டும். 6.2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது டைவிங் மருத்துவ ஆய்வாளர்களின் பரிந்துரை. அடர்த்தி கூடினால் மூச்சை முழுதாக வெளியேற்ற முடியாது. உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அது பதற்றத்தையும் மயக்கத்தையும் இன்னும் கூட்டும்.

ஹீலியம் எப்படி உதவுகிறது?

ஹீலியம் லேசான வாயு, போதை ஏற்றாது. ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் மூன்றும் சேர்ந்த கலவைக்கு ‘டிரைமிக்ஸ்’ என்று பெயர். 21% ஆக்சிஜன், 35% ஹீலியம், மீதி 44% நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சுவாசித்தபடி 53 மீட்டரில் இருந்தால், நைட்ரஜனின் தாக்கம் காற்றில் 25 மீட்டரில் இருப்பது போலத்தான். அடர்த்தியும் லிட்டருக்கு சுமார் 5.8 கிராமாகக் குறையும்.

இந்த வாயுவின் கதையில் நம் பக்கத்து ஊர்களுக்கும் இடம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் இருந்து விஞ்ஞானிகள் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார்கள். சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியத்துக்கான முதல் தடயம். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது.

என்னென்ன படிகள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். டிடிஐ வரிசையை எடுத்துக்கொண்டால்:

• அட்வான்ஸ்டு நைட்ராக்ஸ், டிகம்ப்ரஷன் புரொசீஜர்ஸ்: கூடுதல் ஆக்சிஜன் கலவையும், நிறுத்தி நிறுத்தி மேலே வரும் முறையும். எல்லை 45 மீட்டர்.
• டிரைமிக்ஸ்: 60 மீட்டர் வரை. ஹெர்மிஸுக்கு வேண்டியது இது.
• அட்வான்ஸ்டு டிரைமிக்ஸ்: 100 மீட்டர் வரை. இங்கே ஆக்சிஜனைக் குறைத்தே ஆக வேண்டும். 21% வைத்தால் அந்த அழுத்தத்தில் அதுவே நஞ்சு. ஆனால் 10% ஆக்சிஜன் கலவையை நீர்மட்டத்தில் சுவாசித்தால் நினைவு தப்பிவிடும். அதனால் இறங்கும்போதே வாயுவை மாற்ற வேண்டும்.

ஹீலியம் தீர்க்காதது எது?

“ஹீலியம் போட்டா பெண்ட்ஸ் வராது” என்ற நம்பிக்கை தவறு. ஹீலியமும் திசுக்களில் கரையும். அவசரமாக மேலே வந்தால் குமிழாகும். கீழே 20 நிமிடம் இருந்துவிட்டு, மேலே வர அதைவிட அதிக நேரம்கூட ஆகலாம். என்ன நடந்தாலும் நேராக மேலே ஓடிவர முடியாது என்பதுதான் டெக்னிக்கல் டைவிங்கின் அடிப்படை.

மேலே வரும் வழியில் 21 மீட்டரில் 50% ஆக்சிஜனுக்கும், 6 மீட்டரில் தூய ஆக்சிஜனுக்கும் மாறுவது வழக்கம். அந்த 50% சிலிண்டரை மறதியில் 53 மீட்டரில் வாயில் வைத்தால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு என்றால், பெரும்பாலும் மூழ்கல்தான். ஒவ்வொரு சிலிண்டரையும் நாமே அளந்து, எழுதி ஒட்டி, கூட்டாளியிடம் காட்டிவிட்டு மாற்றும் பழக்கம் பயிற்சியில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

செலவு?

இரட்டை 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 4,800 லிட்டர் வாயு. அதில் 35% என்றால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர் ஹீலியம். இந்தியா ஹீலியத்தைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறது. விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் ரீபிரீதரில் செலவு குறையும். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பணம் கட்டும் முன் பயிற்றுநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் கடைசியாக டிரைமிக்ஸில் டைவ் செய்தது எப்போது? ஹீலியம் அளக்கும் கருவி இங்கே இருக்கிறதா? பெண்ட்ஸ் வந்தால் அழைத்துப் போக, பக்கத்தில் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது? ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் கார்டுக்காக அவசரப்பட வேண்டாம். கப்பல் 80 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த சீசனிலும் இருக்கும்.