ஆராய்ச்சியும் அறப்பயிற்சியும்

விழாக் காணும் எம் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பயின்றோர் பலர் இன்று பல தேசங்களில் ஆராய்ச்சியாளராய் விளங்குகின்றனர். ஆராய்ச்சி முறையினை அவர்க்குப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன. ஆராய்ச்சியாளனுக்குரிய அறத்தினைக் கற்பிப்பார் யாவர்? அது கற்பித்தற்குரியதொன்றுதானா? இவ்வினாவினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விதிகளை வகுத்துவிடின் அறம் தானே நிலைபெறும் என்பார் உளர். அது பொருந்தாதென்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்றே போதிய சான்றாகும். சிகிச்சையின்றி விடப்படின் சிபிலிசு என்னும் நோய் எவ்வாறு முற்றுமென அறியும்பொருட்டு, 1932ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையினர் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஏறக்குறைய 600 கறுப்பின ஆடவர் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருள் 399 பேர் நோயாளர். கெட்ட இரத்தத்திற்கு வைத்தியம் செய்யப்படுகின்றதென்றே அவ்வேழைகளுக்குக் கூறப்பட்டது. 1940களில் பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாய் அமைந்த பின்னரும் அஃது அவர்க்கு அளிக்கப்படவில்லை.

1947இல் நூரம்பேர்க் நெறிமுறை எழுந்தது. பரிசோதனைக்கு உட்படுவோர் மனமுவந்து அளிக்கும் சம்மதம் இன்றியமையாததென அது விதித்தது. அதன் பின்னரும் 25 ஆண்டுகள் டஸ்கீகி ஆராய்ச்சி தொடர்ந்தது. அது மறைவில் நடந்ததுமன்று. அதன் பேறுகள் வைத்திய சஞ்சிகைகளில் வெளிவந்தன. கற்றோர் படித்தனர், ஆயினும் அது நின்றபாடில்லை. 1966இல் அச்சேவையின் இளம் ஊழியரான பீற்றர் பக்ஸ்டன், இது முறையோவென மேலதிகாரிகளுக்கு எழுதினார். பயன் விளையவில்லை. 1972இல் அவர் வாயிலாகச் செய்தி பத்திரிகைகளுக்கு எட்டிய பின்னரே ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. விதி இருந்தது, வினவும் பழக்கம் இல்லை.

இந்நிகழ்ச்சியின் விளைவாக 1979இல் வெளிவந்த பெல்மொன்ற் அறிக்கை, ஆளை மதித்தல், நன்மை புரிதல், நீதி வழுவாமை என்னும் மூன்று தத்துவங்களை நிறுவிற்று. தத்துவத்தினைப் பழக்கமாக்குவதற்குப் பயிற்சி வேண்டும். தம் உதவிபெற்றுப் பயிலும் ஆராய்ச்சி மாணவர் எட்டு மணி நேரமேனும் இத்துறையிற் பயிலவேண்டுமென்றும், அதற்குக் கணினிவழிப் பாடம் மாத்திரம் போதாது, நேரிற் கலந்துரையாடலும் வேண்டுமென்றும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2009இல் வகுத்தன. பிரித்தானியாவின் பொறியியல், பௌதிக விஞ்ஞான ஆராய்ச்சிச் சபை 2013இல் நான்கு படிகளைக் காட்டிற்று: விளைவினை முன்கூட்டி எண்ணுதல், தன் நோக்கத்தினைத் தானே ஆராய்தல், பிறருடன் கலந்து பேசுதல், அவற்றிற்கேற்பச் செயலை அமைத்தல். புதுமை பிறந்த பின் வருந்துதலன்று, பிறக்கும்போதே வினவுதல் இதன் கருத்தாகும்.

எட்டு மணி நேரம் ஒருவனை அறவோனாக்கி விடுமோவெனின், ஆக்காது. தன் ஆசிரியன் ஒவ்வாத பேற்றினை மறைக்கின்றானா, வெளியிடுகின்றானா என்பதைக் கண்டே மாணவன் மிகுதியுங் கற்கின்றான். மேலோர் செயலையும் வினவலாமென்னும் துணிவினை அவனுக்கு அளிப்பதே பயிற்சியின் முதற்பயன்.

அப்பயிற்சி பல்கலைக்கழகத்திலே தொடங்குவதன்று. எதிர்பார்த்த விடையோடு பொருந்தாத அளவீட்டினை அழிக்காது, கண்டவாறே எழுதும் பள்ளி மாணவன் அதன் முதற்பாடத்தினைக் கற்றுவிட்டான். அவ்வாறு எழுதியவனை அன்று பாராட்டினோமா, கடிந்தோமா என்பதை ஆசிரியராயும் பெற்றோராயும் விளங்கும் யாம் இவ்விழாக் காலத்தில் எண்ணிப் பார்த்தல் தகும்.