கழுத்துச் சத்திரசிகிச்சையின் பின் உயர மறுக்கும் கை

ரெக்ஸ்டேல் பண்டகசாலைகளிற் பெட்டி தூக்கிப் பிழைக்கும் நம்மவர்க்குக் கையே மூலதனம். வாய்ப்புற்றுநோய்க்காகக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்டோரிற் பலர், காயம் ஆறி வீடு திரும்பிய பின்னரே தோள் தாழ்ந்து நோவதையும், தலைவாரவும் கை எழாததையும் உணர்கின்றனர். (புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004இல் உரைத்ததை இங்கு நினைவூட்டல் தகும்.)

மூலப்பழுது தோள்மூட்டில் இல்லை. தோட்பட்டையைத் தாங்கும் தசையை இயக்குவது கழுத்தினூடே செல்லும் பதினோராம் மண்டை நரம்பு. 1906இல் அமெரிக்கரான ஜோர்ஜ் கிரைல் விவரித்த முறையில் அந்நரம்பும் சேர்த்தே அகற்றப்பட்டது. இன்று இயன்றவரை அதனைக் காக்கின்றனர். எனினும் இழுபட்ட நரம்பு மாதக்கணக்கிற் சோர்ந்து கிடக்கலாம். அதற்குள் அசைவற்ற மூட்டு இறுகிவிடும். "கையை ஆட்டாதேயுங்கோ" என்னும் வீட்டார் பரிவே இங்கு தீங்காகின்றது.

கனடாவின் அல்பேர்ட்டாவில் மார்கரெட் மக்னீலி குழுவினர் 52 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் படிப்படியாகப் பாரம் கூட்டிப் பயின்றோருக்கு, வழமையான இயன்மருத்துவம் பெற்றோரிலும் நோவு அதிகம் தணிந்தது. தானாகப் பாரம் தூக்கத் தொடங்குதல் ஆகாது. இயன்மருத்துவர் அளவிட்டே கூட்டுவார்.

ஒன்ராறியோவில், மருத்துவமனையில் இரவு தங்கிச் சிகிச்சை பெற்று அண்மையில் வீடு திரும்பியோர், வைத்தியரின் கடிதத்துடன் அரச செலவில் இயன்மருத்துவம் பெறலாம். எல்லா நிலையங்களும் இதில் அடங்கா. முன்னரே விசாரித்துச் செல்க. கடிதத்தை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வாங்குக.